வீட்டு லான் வெயிலில் மஞ்சளாகுதா? தினமும் கொஞ்சம் கொஞ்சமா தண்ணி ஊத்துறதை முதல்ல நிறுத்துங்க!

பங்குனி பிறந்து வெயில் ஏற ஆரம்பித்தாலே, வீட்டு முன்னாடி புல்தரை போட்டவர்களுக்கு ஒரே கவலைதான். தை மாதம் வரை பச்சைப்பசேலென்று இருந்த புல், ஓரங்களில் மஞ்சளாகி, நடுவில் திட்டுத் திட்டாகக் காய ஆரம்பிக்கும். உடனே தினமும் காலையும் மாலையும் தண்ணி தெளிப்போம். ஆனாலும் புல் தேறாது. என்ன காரணம்? எப்படிப் பராமரிக்கலாம்? பார்க்கலாம்.

தினமும் தண்ணி விட்டும் ஏன் காயுது?

புல்லின் வேர் ஈரம் இருக்கும் இடத்தைத் தேடித்தான் போகும். தினமும் லேசாகத் தெளித்தால் மேல் மண் அரை இன்ச், ஒரு இன்ச் மட்டும்தான் நனையும். வேரும் அங்கேயே தங்கிவிடும். சித்திரை வெயிலில் முதலில் காய்வதும் அந்த மேல் மண்தான். ஒருநாள் தண்ணி தவறினாலும் புல் தாங்காது.

அதனால், குறைந்த நாட்கள், ஆனால் ஆழமாக நனைய விடுங்க. ஈரம் 5, 6 இன்ச் ஆழம் வரை இறங்கினால் வேரும் கீழே இறங்கும். சரியாக இறங்கியிருக்கான்னு பார்க்க, நீளமான ஸ்க்ரூ டிரைவரை மண்ணில் குத்திப் பாருங்க. சுலபமாக இறங்கினால் ஈரம் போதும்.

எவ்வளவு தண்ணி தேவை?

வெயில் காலத்தில் வாரத்துக்குச் சுமார் ஒரு இன்ச் மழை அளவு தண்ணி என்பது பொதுவான கணக்கு. 10 அடிக்கு 10 அடி புல்தரைக்கு இது சுமார் 230 லிட்டர். அதாவது 20 லிட்டர் பக்கெட்டில் 12 பக்கெட். இதை வாரத்துக்கு 2 தடவையாகப் பிரித்து விடலாம். மணல்பாங்கான இடம் என்றால் 3 தடவை.

ஹோஸ் பைப்பில் விடுறீங்களா? ஒரு பக்கெட் நிறைய எத்தனை நிமிஷம் ஆகுதுன்னு பாருங்க. 2 நிமிஷம் என்றால், ஒரு தடவைக்கு 12 நிமிஷம் போதும். களிமண் தரையில் தண்ணி ஓடி வீணாகும். பாதி விட்டு, அரை மணி நேரம் கழித்து மீதியை விடுங்க.

காலை 8 மணிக்குள் விடுவது நல்லது. ராத்திரி முழுக்க இலை ஈரமாகவே இருந்தால் பூஞ்சை வரும். நடந்து போன பிறகு கால் தடம் அப்படியே பதிந்து நின்றால், புல்லுக்குத் தாகம் என்று அர்த்தம்.

ஒட்ட வெட்டலாமா?

கூடவே கூடாது. புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் வெட்டாதீங்க. வெயில் காலத்தில் அருகம்புல் வகை ஒன்றரை முதல் 2 இன்ச், அகல இலை கொண்ட எருமைப்புல் வகை 2 இன்ச்சுக்கு மேல் இருக்கட்டும். உயரமான புல் தன் நிழலாலேயே மண்ணைக் காக்கும். மெஷின் பிளேடு மழுங்கியிருந்தால் புல் நுனி கிழிந்து வெளுத்துப் போகும், சாணை பிடித்துக்கோங்க.

யூடியூப் டிப்ஸ் நமக்குச் சரிவருமா?

'ஸ்பிரிங் லான் கேர்' என்று வரும் பல வீடியோக்கள் குளிர் நாட்டுக்கானவை. அங்கே பனி உருகிப் புல் துளிர்க்கும் நேரம் அது. நமக்கு வசந்தம் என்றால் வெயிலின் வாசல். அங்கே சொல்கிற விதைகளும் இங்குள்ள சமவெளி வெயிலுக்குத் தாக்குப்பிடிக்காது.

உரம் போடலாமா?

தாராளமாகத் தண்ணி இருந்தால் மட்டும். யூரியா என்றால் 100 சதுர அடிக்கு 100 கிராமைத் தாண்டாதீங்க. வெயில் தாழ்ந்த பிறகு, காய்ந்த இலை மேல் சீராகத் தூவி, உடனே நன்றாகத் தண்ணி விடணும். இல்லைன்னா புல் கருகிவிடும். பயமாக இருந்தால், சலித்த மண்புழு உரத்தையும் மணலையும் கலந்து கால் இன்ச் தூவினாலே போதும்.

நடந்து நடந்து இறுகிப்போன இடத்தில், கூரான கம்பியால் 3 இன்ச் ஆழத்துக்கு ஓட்டை போட்டுவிட்டு இதைத் தூவுங்க.

கோரை வந்தால்?

மேலே பிடுங்கினால் போகாது. கீழே கிழங்கு இருக்கும் வரை முளைத்துக்கொண்டே இருக்கும். மண்ணை நனைத்து, களைக்கொத்தால் கிழங்கோடு எடுங்க. மறுபடி முளைத்தால் மறுபடி எடுங்க. குறுக்கு வழி கிடையாது.

போர் தண்ணி, ஆர்.ஓ. கழிவுத் தண்ணி?

உப்பு அதிகமான போர் தண்ணி தொடர்ந்து விட்டால், மண்ணில் உப்பு சேர்ந்து இலை நுனி கருகும். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணியில் உப்பு இன்னும் அதிகம். அதை மட்டுமே நம்பி லான் வளர்க்காதீங்க. ஏ.சி.யில் இருந்து சொட்டும் தண்ணியில் உப்பு மிகக் குறைவு. அரிசி, காய்கறி கழுவிய தண்ணியையும் விடலாம். சோப்புத் தண்ணி வேணாம்.

தண்ணியே இல்லைன்னா?

2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் கிட்டத்தட்ட வறண்டு, சென்னை குடத்தோடு தெருவில் நின்றது நினைவிருக்கும். 1,000 சதுர அடி லானுக்கு மாதம் சுமார் 10,000 லிட்டர், அதாவது ஒரு பெரிய லாரித் தண்ணி வேணும். குடிக்கவே தட்டுப்பாடு என்றால் லானைக் காய விடுவதுதான் சரி.

அருகம்புல் வகை லானுக்கு அதனால் முடிவு வந்துவிடாது. மேலே பழுப்பானாலும் மண்ணுக்குள் தண்டு உறங்கிக்கொண்டிருக்கும். 2, 3 வாரத்துக்கு ஒருமுறை நனைத்து, உரம் போடாமல், வெட்டாமல், மேலே நடக்காமல் விட்டால், மழை வந்ததும் துளிர்க்கும். எருமைப்புல் அந்த அளவு தாங்காது.

புதுசா லான் போட நினைக்கிறீங்களா? வெயிலில் வேண்டாம், மழை தொடங்கட்டும். அப்போ வேர் பிடிக்கும் தண்ணியில் பெரும்பங்கை வானமே கொடுத்துவிடும்.