1042 திரும்பி வந்த வழி

ஆர்டர் டேபிளுக்கு ஜாவா அனுப்பிய இன்சர்ட்டில் வாடிக்கையாளர் பெயர் இருந்தது, தொகை இருந்தது. ஐடி மட்டும் இல்லை. அதைப் போடுவது மைஎஸ்க்யூஎல்லின் பொறுப்பு. ஆட்டோ இன்கிரிமென்ட் கணக்கில் அடுத்து நின்றது 1042. எடுத்துப் பதிந்தது, கணக்கு 1043க்கு நகர்ந்தது. இதற்குப் பிறகு டிரான்சாக்ஷன் ரோல்பேக் ஆனாலும் கணக்கு பின்னால் வராது. டேபிளில் நடுநடுவே எண் விடுபட்டிருந்தால் பதற வேண்டாம். (8.0க்கு முந்தைய பதிப்புகளில் சர்வரை நிறுத்தி எழுப்பினால், டேபிளில் இருக்கும் பெரிய எண்ணைப் பார்த்துக் கணக்கு மறுபடி தொடங்கும். கைவிட்ட எண் அப்போது இன்னொரு வரிசைக்குப் போனதும் உண்டு.)

ஆர்டரிலுள்ள பொருள்களை வேறொரு டேபிளில் எழுத, ஜாவாவுக்கு அந்த 1042 தெரிந்தாக வேண்டும். ஜாவாவை டேட்டாபேஸோடு இணைக்கும் ஜேடிபிசி 1997இல் ஜேடிகே 1.1உடன் வந்தபோது, அதில் இதற்குப் பொதுவான வழி கிடையாது. பலர் 'செலக்ட் மேக்ஸ்' போட்டுக் கடைசி எண்ணைப் பிடித்தார்கள். அதற்குள் இன்னொரு கனெக்ஷன் 1043ஐப் பதிந்துவிட்டால், உங்கள் பொருள்கள் அடுத்தவர் பில்லில் ஏறும். சோதனையில் ஒருவரே தட்டிப் பார்ப்பதால் இது தெரியாது. கூட்ட நேரத்தில்தான் தெரியும்.

2002இல் ஜாவா 1.4உடன் வந்த ஜேடிபிசி 3.0 வழி திறந்தது. ஸ்டேட்மென்ட்டைத் தயாரிக்கும்போதே 'ரிட்டர்ன் ஜெனரேட்டட் கீஸ்' என்று சொல்லிவிட வேண்டும்; இன்சர்ட் முடிந்ததும் 'கெட் ஜெனரேட்டட் கீஸ்' அழைத்தால் ஒரு ரிசல்ட்செட் வரும். 'நெக்ஸ்ட்' அழைத்து முதல் வரிசைக்குப் போய், முதல் காலத்தை (நெடுவரிசையை) லாங்காகப் படித்தால் 1042 கையில். வேடிக்கை என்னவென்றால், மைஎஸ்க்யூஎல் அந்த எண்ணை 'ஓகே' என்ற பதில் பாக்கெட்டிலேயே வைத்து அனுப்பிவிடுகிறது. இரண்டாவது க்வெரியே தேவையில்லை. இருந்தும் முன்கூட்டிக் கேட்காமல் போனால் டிரைவர் எக்ஸெப்ஷன் வீசும்.

போஸ்ட்கிரெஸில் வழி வேறு. அங்கே டிரைவரே உங்கள் இன்சர்ட்டின் வாலில் 'ரிட்டர்னிங் *' ஒட்டி அனுப்பும். ஐடியோடு எல்லாக் காலங்களும் வந்து நிற்கும். ஐடி முதல் காலமாக இல்லாத டேபிளில், முதல் காலத்தைப் படித்தவர் வேறு எதையோ படிப்பார். ஆரக்கிளிடம் பொதுவாகக் கேட்டால் ஐடிக்குப் பதில் ரோஐடி வரும். அதனால், எந்தக் காலம் வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்பதே நல்லது. பல இன்சர்ட்களை ஒன்றாக அனுப்பும் 'எக்ஸிக்யூட் பேட்ச்'சுக்குப் பிறகு இந்த ஐடிகள் கிடைக்குமா என்பதை ஜேடிபிசி டிரைவர்களிடமே விட்டுவிட்டது. உங்கள் டிரைவரில் சோதித்துவிட்டே நம்புங்கள்.

பழைய கோடில் இன்சர்ட்டுக்கு அடுத்த வரியில் 'செலக்ட் மேக்ஸ்' இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள்.