உரோமின் வீழ்ச்சியிலிருந்து விண்வெளிக்கு

உரோமப் பேரரசின் வீழ்ச்சியை எழுதிய எட்வேட் கிபன், விண்வெளிக் கதைத் தொடரொன்றுக்கும் வித்திட்டவர். 1941 இல், 21 வயது ஐசாக் அசிமோவ் அந்நூலை மனத்திற் கொண்டே ‘பவுண்டேஷன்’ கதைகளைத் தொடங்கினார். 1951 முதல் 1953 வரை அவை மூன்று நூல்களாயின.

பேரரசு சரிந்தபின் சூழவுள்ள 30,000 ஆண்டு இருளை, அறிவைப் பேணி 1,000 ஆண்டாகக் குறைக்க முனைகிறார் கணித அறிஞர் ஹரி செல்டன். இலக்கணம் கற்பிக்கும் நானும் உறக்கம் மறந்து அதில் ஆழ்ந்தேன். மக்கள் திரளின் போக்கைக் கணித்த செல்டனுக்கு, ‘மியூல்’ என்னும் தனியொருவன் பிடிபடவில்லை. அக்கதை வெளியானது 1945 இல். உலகப் போர் ஓய்ந்த ஆண்டு.

வரலாற்றுக்கு விதிகள் இருக்கலாம். ஆயினும் ஒருவன் அதைத் திசைதிருப்பிவிடக் கூடும். கதையில் மியூலின் ஆட்சி நிலைக்கவில்லை. அறிவைப் பேணியோரே நிலைத்தனர். அந்த ஆறுதலுடன்தான் நூலை மூடினேன்.