ராஜபார்ட்

ஸம்ஸ்கிருதத்தின் ராஜ சப்தத்தோடு, பாத்திரம் என்னும் பொருளில் வந்த ஆங்கிலப் பார்ட்டைப் பிணைத்து நம் நாடகக் கம்பெனியார் ஆக்கிய இந்தக் கலப்புச் சொல், அரசன் வேஷத்தை மாத்திரம் குறிப்பதென்று எண்ணுவது பிழை. கதாநாயகன் எவனாயினும், அவனை ஏற்று நடிக்கும் பிரதான நடிகருக்கே அது பெயர். ஆகவேதான் வள்ளி திருமணம் நாடகத்தில் வேடனாக வந்து நிற்கும் முருகனும் ராஜபார்ட்டேயாகிறான்.

பெண் வேஷத்துக்கு ஸ்திரீபார்ட், கள்ளன் வேஷத்துக்குக் கள்ளபார்ட் என்று இதன் இனம் விரிந்தது. நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துப் பாலர் சபைகளில் பெண் வேஷமும் பையன்களுடையதே. அதில் புகழ்பெற்ற சிறுவனும் மகரக்கட்டு வந்து குரல் உடைந்ததும், ராஜபார்ட்டுக்கு உயர்வதோ மூலையில் ஒதுங்குவதோ அக்குரல் தேறுவதைப் பொறுத்தே அமைந்தது. பிற்காலத்தில் சிவாஜி கணேசனென்று பிரசித்தி பெற்றவரும் பால்யத்தில் சீதையாக மேடையேறியவரே.

சொல்லின் விசித்திரம் இன்னொன்று: அது வேஷத்தைச் சார்ந்ததேயன்றி, நடிப்பவர் ஆணா பெண்ணா என்பதைச் சார்ந்ததன்று. நடிகை கே. பி. சுந்தராம்பாள் மேடையில் ஆண் வேஷங்களும் தரித்து, 1935-இல் திரையில் நந்தனாராகவே தோன்றினார்.

சினிமா வந்தபின் ஹீரோ என்ற சொல் இதன் இடத்தைப் பற்றிக்கொண்டது. கம்பீரத்தில் அது இதற்கு ஈடாகாதென்பது என் அபிப்பிராயம். எனினும் 1973-இல் ஒரு படத்துக்கு 'ராஜபார்ட் ரங்கதுரை' என்றே பெயரிட்டார்கள். மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்துத் திருவிழா நாடக நோட்டீஸுகளில் இச்சொல் இன்றும் அச்சாகி வருகிறது.