கன்றுத் தோலுக்குப் பத்து ஷில்லிங்

1934இல் அயர்லாந்து அரசு ஒரு விசித்திரமான சன்மானத்தை அறிவித்தது. பிறந்த கன்றை வளர்க்க வேண்டாம். அறுத்துத் தோலைக் கொண்டுவாருங்கள், தோல் ஒன்றுக்குப் பத்து ஷில்லிங் தருகிறோம் என்றது. மாட்டை நம்பியே பிழைத்த நாடு அது. ஆனால் வளர்ந்த மாட்டை வாங்க ஆளில்லை. தீனிச் செலவுகூடத் தேறவில்லை. கன்றை அறுத்துக் காசாக்குவதே லாபம் என்ற நிலை. அதே ஆண்டில் விற்காத மாட்டிறைச்சியை வேலையில்லாதவர்களுக்கு அரசே இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது.

 அயர்லாந்தின் மாடுகளுக்கு ஆளில்லாமல் போனதற்குக் காரணம் லண்டனோடு மூண்ட வரிச் சண்டை. 

சண்டையின் வேர் ஒரு பழைய கடனில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டு அயர்லாந்தில் உழுதவன் ஒருவன், நிலத்துக்குச் சொந்தக்காரன் வேறொருவன். நிலக்கிழார்களில் பலர் இங்கிலாந்தில் உட்கார்ந்தபடியே குத்தகை வசூலித்தார்கள். குத்தகைக்காரர்கள் கிளர்ந்தெழுந்த பிறகு பிரிட்டிஷ் அரசு ஓர் ஏற்பாடு செய்தது. அரசு கடன் கொடுக்கும். அதை வைத்து நிலக்கிழாரிடமிருந்து நிலத்தை வாங்கிக்கொள்ளலாம். கடனைப் பல பத்தாண்டுகளுக்கு ஆண்டுத் தவணையாகக் கட்ட வேண்டும். 1903இல் வந்த விண்டம் சட்டம் இந்த வரிசையில் பெரியது. லட்சக்கணக்கான குடும்பங்கள் இப்படித்தான் நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் ஆயின.

1922இல் 26 மாவட்டங்களைக் கொண்ட ஐரிஷ் சுதந்திர அரசு பிறந்தது. நாடு கைமாறியது, தவணை மாறவில்லை. விவசாயிகளிடம் டப்ளின் வசூலித்து, ஆண்டுக்கு ஏறத்தாழ 30 லட்சம் பவுண்டை லண்டனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. பழைய போலீஸ்காரர்களின் ஓய்வூதியம் போன்ற பாக்கிகளையும் சேர்த்தால் தொகை 50 லட்சத்தை நெருங்கும். இதற்காக 1923இலும் 1926இலும் போட்ட ஒப்பந்தங்களுக்கு ஐரிஷ் நாடாளுமன்றமான டாயிலின் ஒப்புதல் வாங்கப்படவில்லை. பின்னால் வம்பு அந்த ஓட்டை வழியாகத்தான் நுழைந்தது.

டோனகால் பகுதியில் பீடர் ஓ'டொன்னல் என்ற இடதுசாரி எழுத்தாளர் 1920களின் நடுவிலேயே தவணை கட்டாதே என்று ஊர் ஊராகப் பேசி வந்தார். முன்னோரிடம் பறித்த நிலத்துக்குப் பேரர்கள் விலை கொடுப்பதா என்பது அவருடைய வாதம். ஏமன் டி வலேரா அந்தக் கோஷத்தை எடுத்துக்கொண்டு, அதற்குச் சட்டக் கோட்டு மாட்டிவிட்டார்.

டி வலேரா கணக்கு வாத்தியார். பிரிட்டனுக்கு எதிரான 1916 எழுச்சியில் மரண தண்டனை பெற்று உயிர் தப்பியவர். 1922இல் மூண்ட உள்நாட்டுப் போரில் தோற்ற அணியின் தலைவர். பத்தே ஆண்டுகளில், 1932 மார்ச் 9 அன்று, தன்னைத் தோற்கடித்தவர்களிடமிருந்தே தேர்தல் வழியாக ஆட்சியை வாங்கினார். அந்த ஆண்டின் நடுவில் கட்ட வேண்டிய தவணையை அவர் லண்டனுக்கு அனுப்பவில்லை.

லண்டனில் டொமினியன் துறை அமைச்சராக இருந்தவர் ஜே. எச். தாமஸ், ரயில்வே தொழிற்சங்கத்திலிருந்து வந்தவர். ஜூலை 15 முதல் ஐரிஷ் மாடு, வெண்ணெய், முட்டை, பன்றி இறைச்சி ஆகியவற்றின் மேல் 20 சதவீத வரி விழுந்தது. வராத தவணையை இந்த வரியில் ஈடுகட்டிக்கொள்வோம் என்பது வெளியே சொன்ன கணக்கு. விவசாயிகள் வயிறெரிந்து டி வலேராவைக் கவிழ்த்துவிடுவார்கள் என்பது உள்ளே போட்ட கணக்கு. அயர்லாந்து ஏற்றுமதியில் 90 சதவீதத்துக்கு மேல் பிரிட்டனுக்குத்தான் போனது என்பதால் அந்த நம்பிக்கை அசட்டு நம்பிக்கையும் அல்ல. டப்ளின் பதிலுக்குப் பிரிட்டிஷ் நிலக்கரி, சிமெண்ட், இரும்பு, எஃகு ஆகியவற்றின் மேல் வரி போட்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். தாவாவை நடுவர் மன்றத்துக்குக் கொண்டுபோகலாம் என்று இரு தரப்பினருமே சொன்னார்கள். பிறகு ஏன் தீரவில்லை? நடுவர்கள் பிரிட்டிஷ் காமன்வெல்த்துக்குள்ளிருந்து மட்டுமே வர வேண்டும் என்றது லண்டன். வெளியாரும் இருக்கலாம் என்றார் டி வலேரா. கேட்பதற்கு அற்ப விஷயம் போலத் தோன்றும். ஆனால் முதல் நிபந்தனைக்குத் தலையாட்டினால் அயர்லாந்து பேரரசுக் குடும்பத்தின் பிள்ளை, இது வீட்டுப் பஞ்சாயத்து என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். இரண்டாவதை ஏற்றால், எதிரில் நிற்பது தனி நாடு என்று லண்டன் ஒப்புக்கொண்டதாகும். ஆறு ஆண்டுச் சண்டையில் பணத்தைவிடப் பெரிய பொருள் இதுதான் என்பதை இருவரும் அறிந்திருந்தார்கள்.

1933 ஜனவரியில் டி வலேரா திடீர்த் தேர்தல் வைத்தார். 153 இடங்களில் 77 கிடைத்தன. லண்டன் எதிர்பார்த்த கவிழ்ப்பு நடக்கவில்லை. காரணம் தேசபக்தி மட்டும் என்று சொன்னால் அது பாதி உண்மை. விவசாயிகள் கட்ட வேண்டிய தவணையைப் பாதியாகக் குறைப்பதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார்; அந்த ஆண்டே சட்டமும் வந்தது. நாலைந்து ஏக்கர் சிறு விவசாயிக்கு அது கைமேல் கண்ட பலன். அடி விழுந்தது லின்ஸ்டர், மன்ஸ்டர் பகுதிகளில் நூற்றுக்கணக்கில் மாடு மேய்த்த பெரும் பண்ணைக்காரர்கள் தலையில். அவர்களில் பலர் ஏற்கெனவே அவருடைய எதிரணி.

பிரிட்டன் மாட்டு வரியை மேலும் ஏற்றியது; 1934இல் எத்தனை மாடு வரலாம் என்று அளவும் நிர்ணயித்தது. பண்ணைக்காரர்கள் தவணை கட்ட மறுத்தார்கள். ஐரிஷ் அரசு மாடுகளை ஜப்தி செய்து ஏலம் விட்டது. ஏலத்துக்கு ஆள் வராமலிருக்க மரங்களை வெட்டிச் சாலையில் போட்டார்கள், தொலைபேசிக் கம்பிகளை அறுத்தார்கள். பதவி நீக்கப்பட்ட போலீஸ் தலைவர் ஓவன் ஓ'டஃபி தலைமையில் நீலச்சட்டைக்காரர்கள் இதில் புகுந்தார்கள். முசோலினியின் கருஞ்சட்டையைப் பார்த்துத் தைத்த சட்டை. 1934 ஆகஸ்டில் கார்க் நகரில், ஜப்தி மாடுகளை ஏலம் விட்ட மார்ஷ் முற்றத்துக்குள் ஒரு லாரி கதவை இடித்துக்கொண்டு நுழைந்தது. போலீஸ் சுட்டதில் ஓர் இளைஞன் இறந்தான். லண்டனோடு நடந்த சண்டையில் ஐரிஷ்காரனை ஐரிஷ் போலீஸே சுட்டது, டி வலேராவைப் புகழ்கிறவர்கள் வேகமாகக் கடந்துபோகும் பக்கம்.

இன்னொரு பக்கம் தொழில் அமைச்சர் ஷான் லெமாஸ் இந்த வரிச் சுவரின் நிழலில் ஆலைகளை நட்டுக்கொண்டிருந்தார். மாலோ, தர்லஸ், டூவம் ஊர்களில் சர்க்கரைக் கிழங்கு ஆலைகள் எழுந்தன. புதிதாகத் தொடங்கும் கம்பெனிகளில் பெரும்பங்கு ஐரிஷ்காரர் கையில் இருக்க வேண்டும் என்று 1932இலேயே சட்டம் வந்தது. வேலைகள் கிடைத்தது உண்மை. சுவர் இல்லாவிட்டால் நிற்காத ஆலைகள் பல என்பதும் உண்மை. இளைஞர்கள் பிழைப்புத் தேடி எந்த நாட்டோடு மல்லுக்கு நின்றார்களோ அந்த நாட்டுக்கே கப்பலேறினார்கள்.

வரிச் சண்டை நடந்த அதே ஆண்டுகளில் டி வலேரா பேரரசின் கயிறுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். அரசருக்கு விசுவாசப் பிரமாணம் 1933இல் போனது. கவர்னர் ஜெனரலாக மேனூத் ஊர்க் கடைக்காரர் டோனல் பக்லியை உட்காரவைத்தார்; அவர் மாளிகைப் பக்கமே போகாமல் புறநகரில் வாடகை வீட்டில் இருந்து கையெழுத்து மட்டும் போட்டார். 1936 டிசம்பரில் எட்டாம் எட்வர்ட் முடி துறந்தபோது, அந்தக் குழப்பத்தின் நடுவே உள்நாட்டு ஆட்சியிலிருந்து அரசரின் பெயரே நீக்கப்பட்டது. 1937இல் புதிய அரசியல் சட்டம் வந்தது. நம் அரசியல் சட்டத்தின் வழிகாட்டு நெறிகள் என்ற பகுதிக்கு முன்மாதிரி இந்தச் சட்டம்தான்.

இதற்கிடையே சண்டை இளகத் தொடங்கியிருந்தது. 1935 தொடக்கத்தில் நிலக்கரிக்கு மாடு என்றொரு உடன்பாடு வந்தது. அயர்லாந்து நிலக்கரியைப் பிரிட்டனிடமே வாங்கும், பிரிட்டன் கூடுதல் மாடு எடுத்துக்கொள்ளும். வேல்ஸ் சுரங்கத் தொழிலாளிக்கும் வேலை வேண்டியிருந்தது.

முடிவு 1938 ஏப்ரல் 25 அன்று. பிரிட்டிஷ் பிரதமர் நெவில் சேம்பர்லினும் டி வலேராவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். எல்லாப் பாக்கிக்கும் சேர்த்து ஒரே தடவையில் ஒரு கோடி பவுண்டு. தண்டனை வரிகள் ரத்து. பிரிட்டன் கேட்டிருக்கக்கூடிய தொகை இதைப்போலப் பல மடங்கு. ஆனால் இத்தனை ஆண்டு வரி வசூலில் அது விட்ட தவணையில் பெரும்பகுதியைப் பிடித்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். பணக் கணக்கில் டப்ளினுக்குப் பெரிய வெற்றி ஒன்றுமில்லை.

வெற்றி வேறொரு ஷரத்தில் இருந்தது. சுதந்திர அரசுக்கு வழிவகுத்த 1921 ஒப்பந்தப்படி கோவ், பெர்ஹேவன், லாக் ஸ்விலி துறைமுகங்களின் பாதுகாப்புப் பொறுப்பைப் பிரிட்டன் தன்னிடமே வைத்திருந்தது. அவற்றையும் திருப்பிக் கொடுக்க சேம்பர்லின் சம்மதித்தார். பகையான மண்ணில் அந்தத் துறைமுகங்களைக் காக்க எத்தனை படை வேண்டும் என்று அவருடைய ராணுவத் தளபதிகள் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தார்கள். நட்பான அயர்லாந்து அதைவிட மலிவு. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் சர்ச்சில் கொதித்தார். ஜூலை 11 அன்று கோவ் துறைமுகத்தின் ஸ்பைக் தீவுக் கோட்டையில் ஐரிஷ் கொடி ஏறியது.

பதினான்கு மாதத்தில் உலகப் போர் வந்தது. அட்லாண்டிக்கில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடித்தபோது அந்த மூன்று துறைமுகங்களும் பிரிட்டிஷ் கடற்படைக்கு இல்லை. அவை லண்டன் கையில் இருந்திருந்தால் அயர்லாந்து நடுநிலை என்று சொல்லியிருக்கவே முடியாது. ஜெர்மன் குண்டு தேடி வந்திருக்கும். போர் முடியும்வரை டி வலேரா நடுநிலையிலிருந்து இறங்கவில்லை, சர்ச்சில் அதை மன்னிக்கவும் இல்லை.

விவசாயிகளின் தவணை? அது ரத்தாகவில்லை. பாதியாகக் குறைந்த தொகையை அவர்கள் அடுத்த பல பத்தாண்டுகளுக்கு டப்ளின் கஜானாவுக்குக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.