தெம்மாங்கும் இசைத்தட்டும்

கம்பம் பள்ளத்தாக்கில் நாற்று நடுகிற பெண்கள் பாடும் பாட்டுக்கு இன்ன நீளம் என்று ஒன்று கிடையாது. ஒருத்தி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாட, வயல் முடிந்தால் பாட்டும் முடியும். அளவற்ற இந்த வஸ்துவை அளவுள்ள இசைத்தட்டுக்குள் அடக்க நேர்ந்தபோது அதன் ஸ்வரூபம் எவ்வாறு மாறிற்று என்பதே இக்கட்டுரையின் விசாரணை.

அமெரிக்காவில் 1927-இல், பிரிஸ்டல் நகரத்தில், விக்டர் கம்பெனிக்காக ரால்ஃப் பியர் என்பவர் மலைநாட்டுப் பாடகர்களை வரவழைத்துப் பதிவு செய்தபோது, கார்ட்டர் குடும்பத்தாரும் ஜிம்மி ராட்ஜர்ஸும் முதன்முதலாகத் தட்டேறினர். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிஷம். ஆகவே பாட்டும் மூன்று நிமிஷம். அவர்களுடைய நாட்டுப்புற இசை வயலிலிருந்து நேரே தட்டுக்குப் போயிற்று. நம் பள்ளத்தாக்கின் இசையோ அரசியல் மேடை, சினிமா என்னும் இரண்டு படிகளைக் கடந்தே போயிற்று.

முதற்படியைக் கட்டியவர் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன். 1958-இல், போடிமெட்டுக்கு அப்பால், தமிழ்த் தோட்டத் தொழிலாளர் நிறைந்த தேவிகுளம் தொகுதியில் நடந்த இடைத்தேர்தலில், கம்யூனிஸ்டுக் கட்சிக்காக அவர் பாடிய பாட்டுகள் பிரசித்தம். அவருடைய பாட்டுக் குழுவில் சேர்ந்து ஊர் ஊராய்ச் சுற்றிய இளவல் ராசையாதான், சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்று, பஞ்சு அருணாசலம் அறிமுகப்படுத்த, 1976-இல் ‘அன்னக்கிளி’யின் வழியே இளையராஜாவானவர். தட்டுக்காகக் குறுக்கியதில் தெம்மாங்கு கெட்டது என்பாருடன் எனக்கு உடன்பாடில்லை. பாடுகிறவள் மூச்சு வாங்குகிற இடைவெளியில் வயலினும் கிதாரும் புல்லாங்குழலும் புகுந்து, இழந்த நீளத்தை ஆழமாக ஈடு செய்தன என்பதே என் அபிப்பிராயம்.

நிமிஷத்துக்கு 45 சுற்றுச் சுழலும் ஏழு அங்குலத் தட்டு, ஒரு பக்கத்துக்கு இரண்டு பாட்டுகள் கொள்ளும். கல்யாண வீட்டுப் பந்தலில் குழாய் கட்டிய ரேடியோ செட்டுக்காரர், ஊசியைத் துடைத்துவிட்டுத் தட்டைத் திருப்பிப் போடுகிற அந்தக் கணநேர மௌனத்தைக்கூட ஜனங்கள் காத்திருந்து கேட்டனர். பின்னர் ஒலிநாடா வந்ததும் அதிகாரம் கைமாறிற்று. ரெக்கார்டிங் சென்டரில் ஒரு துண்டுச்சீட்டில் வேண்டிய பாட்டுகளை வரிசையாக எழுதிக் கொடுத்து, இரண்டு நாள் கழித்துப் போய், அறுபது நிமிஷக் காஸெட்டாக வாங்கி வருவது அக்கால வழக்கம்; கடைசிப் பாட்டு நாடா தீர்ந்து பாதியில் அறுந்திருக்கும். கம்பெனிகள் வகுத்த வரிசையை மீறி, கேட்பவனே தன் தொகுப்பைத் தானே வகுத்துக்கொண்ட முதற்காலம் அதுவே. பென்ஸிலைச் செருகி நாடாவைச் சுற்றியவர்களுக்கு இது விளங்கும்.

குறுந்தகட்டின் காலத்தை விரைந்து கடக்கலாம். தரவிறக்கத்தில் பாட்டு தனித்தனியாகப் பிரிந்து, உறையும் உறையின் பின்புற எழுத்தும் உதிர்ந்து, இசைத்தவர் பெயரே காணாமற்போயிற்று. இக்குறையை உணர்ந்துதான் ஆப்பிள் நிறுவனம் 2009-இல் பாடல்வரி, படம், குறிப்பு யாவும் சேர்த்த விசேஷ மின்பதிப்பு ஒன்றைக் கொணர்ந்தது. ஒரே பாட்டின் மாற்றுப் பாடங்களைக் கூடுதலாகச் சேர்ப்பதும் இத்தகைய ‘டீலக்ஸ்’ பதிப்புகளின் சம்பிரதாயம். ‘அன்னக்கிளி’யிலேயே தலைப்புப் பாடல் எஸ்.ஜானகி குரலில் ஒன்றும் டி.எம்.சௌந்தரராஜன் குரலில் ஒன்றுமாக இரண்டு உண்டு. நடவு வயலிலோ, அடுத்த வரப்புக்குப் போனால் அதே பாட்டை வேறொருத்தி வேறு மாதிரி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பாள்.