சிவப்புக் கட்டம் பிறந்த கதை

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் பக்கம் எந்த மெடிக்கலில் செஃபிக்சிம் என்ற ஆன்டிபயாடிக் வாங்கினாலும் மாத்திரை அட்டையில் சிவப்பு ஓரம் கட்டிய கட்டம் ஒன்று இருக்கும். டாக்டர் சொல்லாமல் சாப்பிடுவது ஆபத்து, சீட்டு இல்லாமல் சில்லறையில் விற்கக் கூடாது என்று உள்ளே பொடி எழுத்தில் போட்டிருக்கும். எல்லாம் ஆங்கிலம். வாங்குகிறவர் எங்கே படிக்கப் போகிறார்?

அந்தக் கட்டத்தின் பூர்வீகத்தைத் தேடினால் சுவீடன் வரை போக வேண்டும். இந்திய வம்சாவளியைச் சேர்ந்த சுவீடன்வாசி ஒருவர் 2007 கடைசியில் இந்தியா வந்தபோது உடம்புக்கு முடியாமல் டெல்லியில் மருத்துவமனையில் சேர்ந்தார். 2008 ஜனவரியில் சுவீடன் திரும்பியதும் அவருடைய சிறுநீரைச் சோதித்தார்கள். அதிலிருந்த கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா, மெரோபெனம் போன்ற கார்பபெனம் மருந்துகளையே உடைத்துப் போடும் நொதியைச் சுரந்தது. மற்ற மருந்தெல்லாம் கைவிட்ட பிறகு ஐசியூவில் ஏற்றுவது கார்பபெனம். அதற்கும் அடங்காத கிருமிக்கு மிஞ்சுவது கோலிஸ்டின் போல ஒன்றிரண்டுதான். கோலிஸ்டினோ சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும் பழைய மருந்து. இன்னொரு சங்கடம், இந்த நொதிக்கான மரபணு ஒரு பாக்டீரியாவிலிருந்து வேறு இனத்து பாக்டீரியாவுக்கே தாவிவிடும்.

2009 டிசம்பரில் இந்தக் கண்டுபிடிப்பு ஆய்விதழில் வந்தபோது நொதிக்கு டெல்லியின் பெயரைச் சேர்த்து என்டிஎம்-1 என்று வைத்திருந்தார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் லான்செட் குழும இதழ் ஒன்றில் வந்த கட்டுரையின் முதல் ஆசிரியர், சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமி. சென்னையில் மட்டும் 44 நோயாளி மாதிரிகளில் இந்தக் கிருமி இருந்தது. டெல்லிக்குக் கோபம் வந்தது; மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கும் சதி என்றார்கள். 2011 ஜனவரியில் லான்செட்டின் ஆசிரியர், நொதிக்கு வைத்த பெயருக்காக வருத்தம் தெரிவித்தார். பெயரைப் பற்றிய ரோஷத்தில் பாதியாவது கிருமியின் மேல் இருந்திருக்கலாம்.

அதே ஆண்டு அரசு ஒரு தேசியக் கொள்கை கொண்டுவந்தது. ஆன்டிபயாடிக் விற்பனையை இறுக்க எச்1 என்ற புது அட்டவணை வரும் என்றது. டாக்டரே இல்லாத கிராமத்தில் ஜனங்கள் சீட்டுக்கு எங்கே போவார்கள் என்று எதிர்ப்பு கிளம்ப, விஷயம் கிடப்பில் விழுந்தது.

அதைக் கிடப்பிலிருந்து எடுத்தது சென்னை. 2012 ஆகஸ்ட் 24-ல் தொற்றுநோய் மருத்துவர் அப்துல் கஃபூரின் ஒருங்கிணைப்பில் நாட்டின் மருத்துவச் சங்கங்கள் கூடின. அங்கே உருவானதுதான் சென்னைப் பிரகடனம். குறையே இல்லாத சட்டம் வேண்டாம், நடக்கிற சட்டம் போதும் என்பது அவர்கள் கட்சி. வீரியமான மருந்துகளை முதலில் பூட்டுவோம், சாதாரண மருந்துகளுக்குக் கிராமங்களை நினைத்து இப்போதைக்கு விட்டுக்கொடுப்போம் என்றார்கள். மருத்துவமனைகளுக்குள் தொற்றுத் தடுப்புக் குழுக்கள் வேண்டும் என்றும் கேட்டார்கள்.

எச்1 அட்டவணைக்கு 2013 ஆகஸ்ட் 30-ல் அரசிதழ் அறிவிப்பு. 2014 மார்ச் 1 முதல் நடைமுறை. பட்டியலில் 46 மருந்துகள், அவற்றில் 24 ஆன்டிபயாடிக். சிவப்புக் கட்டம் பிறந்தது அந்த அட்டவணையோடுதான். சீட்டு எழுதிய டாக்டர், நோயாளி, மருந்து, அளவு எல்லாவற்றையும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

அமாக்சிசிலின், அசித்ரோமைசின், சிப்ரோஃபிளாக்சசின் அந்தப் பட்டியலில் இல்லை. அவற்றுக்கும் சீட்டு வேண்டும் என்பதே சட்டம், பதிவேடுதான் இல்லை. காய்ச்சலுக்கும் தொண்டை வலிக்கும் கிராமத்தில் அதிகம் கேட்கப்படுவது இவைதான். டாக்டர் இல்லாத ஊருக்காகச் செய்த விட்டுக்கொடுப்பு இது. பாகூர் கொம்யூனிலோ பிள்ளையார்குப்பத்திலும் கிருமாம்பாக்கத்திலும் மருத்துவக் கல்லூரிகள். வில்லியனூர்ப் பக்கம் அகரத்தில் இன்னொன்று. இந்த மண்ணுக்கு அந்தச் சலுகை தேவையா என்று தனியாகக் கேட்கலாம். கடையில் அரைகுறையாக வாங்கிய நாலு மாத்திரையில் தப்பிய கிருமி, வயிற்றுக்குள்ளேயே உட்கார்ந்து, அதே ஆள் நாளை வென்டிலேட்டரில் படுத்தால் கூடவே ஐசியூவுக்குள் போகும். அங்கிருந்து கழுவாத கைகள் அடுத்த கட்டிலுக்குக் கொண்டுபோகும்.

சிவப்புக் கட்டம் மனிதர் வாங்கும் அட்டையோடு சரி. ஐசியூவின் கடைசிக் கையிருப்பான கோலிஸ்டினைக் கோழி கொழுக்கத் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள். அதை நிறுத்த 2019 ஜூலையில் தனியாக ஒரு தடை வர வேண்டியிருந்தது.