அச்சம் அகன்றபின் நிற்பது எது?

அம்பத்தூர்த் தொழிற்பேட்டை ஊமையாகிக் கிடந்த நாட்களை நாம் மறந்துவிடவில்லை. 2020-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் நாள் மாலை தமிழகத்தில் தடையுத்தரவு. அன்று நள்ளிரவு முதல் நாடு முழுதும் ஊரடங்கு. கடைசல் பொறி நின்றது, அச்சகம் நின்றது, வார்ப்பட உலை தணிந்தது. பாடி முதல் ஆவடி வரை, பூவிருந்தவல்லி முதல் திருமழிசை வரை, உழைப்போர் கால்பட்டுத் தேய்ந்த சாலைகளெல்லாம் வெறிச்சோடின.

இந்த வட்டாரம் வரலாறு அறிந்த வட்டாரம். 1955-இல் ஆவடியில் கூடிய காங்கிரசு மாநாடு, 'சோசலிசப் பாணிச் சமுதாயம்' அமைப்போம் என்று தீர்மானம் இயற்றிற்று. 1960-களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டை எழுந்தது. 1965-இல் ஆவடிக் கனரக ஊர்தித் தொழிற்சாலையிலிருந்து விஜயந்தா டாங்கி உருண்டு வெளிவந்தது. தீர்மானமும் இங்கே, தொழிலும் இங்கே! ஆனால், தொழிற்கூடம் என்பது பொறிக்காகக் கட்டப்பட்டதா, பொறியை இயக்கும் மனிதனுக்காகக் கட்டப்பட்டதா என்ற கேள்விக்கு மட்டும் விடை கிடைக்கவில்லை. அந்தக் கேள்வியைக் கண்ணுக்குப் புலப்படாத கிருமி ஒன்று மீண்டும் எழுப்பிற்று.

கேள்விக்கு விடை தேடுமுன் நாடு என்ன செய்தது? மார்ச் 22 அன்று மணியடித்தது, தட்டுகளைத் தட்டியது. ஏப்ரல் 5 இரவு ஒன்பது மணிக்கு, ஒன்பது நிமிடம் விளக்கேற்றியது. மருத்துவப் பணியாளர்க்கு நன்றி கூறவும் ஒற்றுமையைக் காட்டவும் என்றுதான் அறிவித்தனர். ஆனால் ஓசையிலே கிருமி மடியும், கோள்கள் கைகொடுக்கும் என்று கதை கட்டியோர்க்கும் குறைவில்லை. கிருமிக்குக் காதும் இல்லை, பஞ்சாங்கமும் தெரியாது. அது மூச்சிலிருந்து மூச்சுக்குச் செல்வது. 2020 ஜூலையில் அறிவியலார் 239 பேர் ஒன்றுகூடிக் கையொப்பமிட்டு, நோய் காற்றின் வழியே பரவுவதைக் கவனியுங்கள் என்று உலகுக்கு எடுத்துரைத்தனர். அப்படியானால் மருந்து எங்கே இருக்கிறது? மருத்துவமனையில் மட்டுமன்று, நாம் உழைக்கும் அறையின் சாளரத்திலும் இருக்கிறது. ஆகவேதான், கொள்ளைநோயின் வரலாறு கட்டடத்தின் வரலாறாகவும் ஆகிறது.

இது புதிதன்று. 1896-இல் பம்பாயில் பிளேக் பரவிற்று. ஆலைத் தொழிலாளர் ஊரைவிட்டு ஓடினர்; ஆலைகள் ஆளின்றித் தவித்தன. 1898-இல் பம்பாய் நகர மேம்பாட்டுக் குழுமம் அமைக்கப்பட்டது. அகன்ற தெருக்கள் வந்தன. தாதரும் மாட்டுங்காவும் புறநகர்களாக உருவாயின. பின்னாளில் நம் தமிழர் பலர் குடியேறிய அதே மாட்டுங்காதான்! நல்ல பணியன்றோ என்பீர். நல்ல பணிதான், எனினும், நெரிசலை இடித்தவர்கள், இடிபட்ட வீட்டிலிருந்த ஏழைக்கு உடனே வேறு வீடு தரவில்லை. அவன் அடுத்த நெரிசலுக்குள் புகுந்தான். நோய்க்கு அஞ்சியோர் தெருவை அகலமாக்கினர். தெருவில் நின்றவனைப் பற்றி எண்ணவில்லை.

1918-இல் இன்ஃபுளூயன்சா வந்தது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1911-க்கும் 1921-க்கும் இடைப்பட்ட பத்தாண்டில் நாட்டின் மக்கள்தொகையே குறைந்தது என்றால் அழிவின் அளவை உணரலாம். அதே 1918-இல், ஏப்ரல் திங்களில், சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி. பி. வாடியாவும் திரு. வி. க.வும் துணைநின்ற அந்தச் சங்கத்தில் பின்னி ஆலைத் தொழிலாளர் திரண்டனர். அவர்கள் முறையிட்டவற்றுள் ஒன்று, நண்பகல் உணவுக்கு விடும் இடைவேளை போதவில்லை என்பது. நோய் சங்கத்தைப் பெறவில்லை. சங்கம் நோய்க்கு முன்பே எழுந்தது. ஆனால் பாடம் ஒன்றுண்டு: நோய் வந்து போயிற்று; சங்கம் நின்றது. உண்ணவும் மூச்சுவிடவும் நேரம் கேட்ட குரல் நின்றது.

அத்தகைய குரல்களின் விளைவாக வந்ததே 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம். காற்றோட்டம் வேண்டும் என்றது அது. நெரிசல் கூடாது என்றது. வெறும் அறிவுரையாகக் கூறாமல் கணக்கும் வைத்தது: புதிதாகக் கட்டப்படும் ஆலையில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் 500 கன அடி இடம். பின்னர் மெட்ரிக் அளவில் இது 14.2 கன மீட்டர் ஆயிற்று. கூரையை வானளாவ உயர்த்திக் கணக்குக் காட்டித் தப்பிக்கலாகாது என்று, தரையிலிருந்து 4.2 மீட்டருக்கு மேலுள்ள வெளியைக் கணக்கில் சேர்க்கவும் தடை விதித்தது. ஓராள் விடும் மூச்சு எவ்வளவு இடத்தில் கலைந்து போகவேண்டும் என்பதைச் சட்டம் எண்ணால் எழுதி வைத்தது. உழைப்பாளிக்கு எண்ணைப் போன்ற நண்பன் வேறில்லை! 'போதுமான இடம்' என்றால் வழக்காடலாம், 14.2 என்றால் அளந்துவிடலாம்.

ஆனால் அச்சட்டம் ஆலைக்கு. அலுவலகத்துக்கு அன்று. அம்பத்தூரிலேயே இந்த வேறுபாட்டைக் காணலாம். பழைய கூடங்கள் இருந்த பேட்டைக்குள் கண்ணாடி மாளிகைகள் எழுந்தன. கணினி வந்தது, குளிர்காற்று வந்தது, திறக்க முடியாத சாளரமும் உடன் வந்தது. மூன்று மீட்டர் உயரமுள்ள கூடத்தில் 14.2 கன மீட்டர் என்றால் ஓராளுக்கு ஏறத்தாழ 4.7 சதுர மீட்டர் தரை வேண்டும். வரிசை வரிசையாக மேசை போட்டு, முழங்கை உரசுமாறு இளைஞரை அமர்த்திய கூடங்களில் அந்தக் கணக்கை எவர் கேட்டார்? கொரோனா கேட்டது.

கேட்டவுடன் மாற்றங்கள் வந்தன. 2020 மே 25 முதல் கிண்டி, அம்பத்தூர் முதலிய தொழிற்பேட்டைகளை நான்கில் ஒரு பங்கு ஆட்களோடு இயக்க அரசு இசைவளித்தது. அலுவலகங்களில் மேசைக்கு மேசை தடுப்பு, தரையிலே வட்டம், வாயிலிலே வெப்பமானி. கணினிப் பணியாளர் வீட்டிலிருந்தே வேலை செய்தனர். அதற்கேற்ப 2020 நவம்பரில் நடுவண் அரசின் தொலைத்தொடர்புத் துறை, அழைப்பு மையங்களைக் கட்டியிருந்த விதிகளைத் தளர்த்திற்று. பின்னர் சில நாள் அலுவலகம், சில நாள் இல்லம் என்ற கலப்பு முறை பல இடங்களில் வேரூன்றியது.

இங்கே ஒரு பிளவைக் காண்கிறோம். கணினியை வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம். கடைசல் பொறியை எடுத்துச் செல்ல முடியுமா? ஆவடியிலுள்ள படைத்துறை உடைத் தொழிற்சாலையில் மருத்துவர்க்கான காப்புடை தைத்த கைகள் வீட்டிலிருந்து தைக்கவில்லை. நாட்டுக்குக் கவசம் தந்தவர்கள் நெரிசலுக்கு நடுவே வந்துதான் தந்தனர். வீட்டிலிருந்தே வேலை பார்த்தவர்க்கும் முழு இன்பம் வாய்த்ததா? ஒற்றை அறை வீட்டில் கணவனுக்கு மேசை, மனைவிக்கு அடுப்படி மேடை என்றானது. அலுவலகம் வீட்டுக்குள் வந்தது. அடுப்பிலிருந்து பெண்ணுக்கு விடுதலை வரவில்லை. மின்கட்டணமும் நாற்காலியும் முதலாளியின் செலவுக் கணக்கிலிருந்து தொழிலாளியின் செலவுக் கணக்குக்கு ஓசையின்றி மாறின.

பணியிடம் என்றால் ஆலையும் அலுவலகமும் மட்டுமல்ல. சந்தையும் பணியிடமே. சென்னையின் பழைய கொத்தவால் சாவடியின் நெரிசலைத் தீர்க்க 1996-இல் திறக்கப்பட்டது கோயம்பேடு அங்காடி. 2020 மே மாதத் தொடக்கத்தில் அதுவே நோய்க் குவியலாயிற்று, மூடப்பட்டது. சில நாட்களுக்குள் பூவிருந்தவல்லியை அடுத்த திருமழிசையில், திறந்தவெளியில், தகரக் கூரையின்கீழ், இடைவெளிவிட்ட கடைகளோடு தற்காலிகக் காய்கறி அங்காடி எழுந்தது. மழை பெய்தால் சேறு. வெயில் அடித்தால் கொதிப்பு. எனினும், காற்று இருந்தது! செப்டம்பர் இறுதியில் காய்கறி வணிகம் கோயம்பேட்டுக்குத் திரும்பிற்று. நாம் கேட்கவேண்டியது இதுதான்: சில நாட்களில் இடத்தை மாற்ற இயன்ற ஆற்றல், சுமைதூக்கும் தோழன் இளைப்பாற ஓரிடம் அமைக்க மட்டும் ஏன் இத்தனை ஆண்டுகள் கேட்கிறது?

இடைவெளி என்ற சொல்லைப் பற்றியும் சிறிது எண்ணுதல் வேண்டும். 'சமூக விலகல்' என்று முதலில் சொன்னார்கள். 2020 மார்ச்சிலேயே உலக நலவாழ்வு அமைப்பு, விலக வேண்டியது உடலே, உறவன்று என்று சொல்லைத் திருத்திக்கொண்டது. நம் நாட்டுக்கு அந்தத் திருத்தம் மிகமிகத் தேவை. விலகி நிற்பதைச் சாத்திரமாக்கிய நாடன்றோ இது! தேநீர்க் கடையில் தனிக் குவளை எந்தக் கிருமிக்காக? தெருவுக்குள் செருப்பணியத் தடை எந்த மருத்துவர் சொல்லி? நோய்க்கால இடைவெளி அனைவர்க்கும் ஒன்று. நோய் நீங்கியதும் நீங்குவது. சாதி இடைவெளி ஒருவரைச் சுற்றி மட்டும் வரையப்படுவது. நோயே இல்லாதபோதும் நிற்பது. அலுவலகத்தில் மேலாளர்க்கும் எழுத்தர்க்கும் ஒரே விதி என்றால் அது அறிவியல். கழிப்பறை துப்புரவு செய்யும் பெண்ணுக்கு மட்டும் தனித் தட்டு, தனி வாயில் என்றால், அது முகமூடி அணிந்த மனுநீதி.

இனி, அச்சம் அகன்றபின் நின்றவற்றை எண்ணுவோம். தரையில் வரைந்த வட்டம் அழிந்தது. மேசைத் தடுப்பு கழற்றப்பட்டது. வெப்பமானி மேசையறைக்குள் போயிற்று. நின்றது எது?

2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டப்பேரவை, கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்திற்று. கடைகளில் பணிபுரிவோர்க்கு இருக்கை அளிக்கவேண்டும் என்றது. நாள் முழுதும் நின்று கால் வீங்கிய ஜவுளிக்கடைப் பெண்ணுக்கு உட்கார உரிமை! 2018-இல் கேரளம் முன்நடந்தது; கோழிக்கோட்டுக் கடைப் பெண்களின் போராட்டம் அதற்கு வழி வகுத்தது. நின்று வேலை செய்யும் ஆலைத் தொழிலாளிக்கு இருக்கை வேண்டும் என 1948 சட்டமே சொல்லியிருந்தது. அது ஆலையிலிருந்து தமிழகக் கடைக்குள் நடந்துவர 73 ஆண்டுகள் ஆயின. ஒரு நாற்காலிக்கு முக்கால் நூற்றாண்டு!

2021 டிசம்பரில் பூவிருந்தவல்லிப் பகுதி விடுதியொன்றில் தங்கியிருந்த, ஃபாக்ஸ்கான் கைப்பேசி ஆலையின் பெண்கள் உணவு நஞ்சாகி நோயுற்றனர். 159 பேர் மருத்துவமனை சேர்ந்தனர். ஆயிரக்கணக்கான பெண்கள் பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். ஆலை மூடப்பட்டது, 2022 சனவரியில்தான் மீண்டும் திறந்தது. தங்குமிடமும் உணவுக்கூடமும் தரத்துக்கு ஏற்றவையாக இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்பியது. 2024 ஆகஸ்டில் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதியை அரசு திறந்தது. சாலையில் அமர்ந்தவர்கள், பணியிடம் ஆலை வாயிலோடு முடிவதில்லை, படுக்கும் பாய்வரை நீள்கிறது என்று நாட்டுக்குக் கற்பித்தனர்.

எதிர்த்திசையிலும் காற்று வீசிற்று. 2020 ஏப்ரலில் குசராத்து அரசு, நோயைக் காரணம் காட்டி, நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு ஆணையிட்டது. மிகைநேரத்துக்கு இரட்டைக் கூலியும் இல்லை என்றது. உச்சநீதிமன்றம் அக்டோபர் முதல் நாளில் அதை நீக்கிற்று. 2023 ஏப்ரலில் தமிழகத்திலும் பன்னிரண்டு மணி நேரத்துக்கு வழிவிடும் திருத்தம் பேரவையில் நிறைவேறிற்று. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன, கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. மே நாளன்று அது திரும்பப் பெறப்பட்டது. எதிர்ப்பு இல்லையேல் என்னவாகியிருக்கும்?

இன்னொன்று. 2020 செப்டம்பரில், நோய் உச்சத்தில் இருந்தபோது, நாடாளுமன்றத்தில் நிறைவேறிய பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்து 1948 சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. காற்றோட்டம், நெரிசல் முதலியவற்றின் அளவைச் சட்டத்திலேயே எழுதாமல் அரசு வகுக்கும் விதிகளுக்கு விட்டது அது. விதி நல்லதாகவும் அமையலாம். ஆனால், சட்டத்தை மாற்ற அவை கூடவேண்டும். விதியை மாற்ற ஓர் அறிவிக்கை போதும். சட்டத்தில் இருந்த எண் விதிக்குள் போகும்போது, விழித்திருக்க வேண்டியவர்கள் நாம்.

தோழர்களே! நோய் சீர்திருத்தவாதியன்று. அது அச்சத்தை மட்டுமே தரும். அச்சம் வட்டம் வரையும், வாயில் அடைக்கும், பிறகு மறக்கும். நிலைப்பவை எவை? நாற்காலி, விடுதி, எட்டு மணி நேரம். கேட்டவர்கள் இருந்ததால் கிடைத்தவை அவை. நாளைக் காலை உங்கள் பணிக்கூடத்துக்கு ஓர் அளவுநாடாவோடு செல்லுங்கள். நீளம், அகலம், உயரம் அளந்து ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். சாளரம் திறக்கிறதா என்று தள்ளிப் பாருங்கள். பெருக்கும் அம்மையாருக்கு உட்கார இடம் உண்டா என்று கேளுங்கள். விடை குறைவாக இருந்தால் எழுதி, கையொப்பம் திரட்டி, சங்கத்தில் வையுங்கள். அடுத்த கொள்ளைநோய் வரும்போது, நம்மைக் காக்கும் சுவரும் சாளரமும் முன்பே எழுந்திருக்கட்டும்!